உட்கார இடமில்லாத காபி

சென்னையில் காபிக்குப் பஞ்சமில்லை. நாற்காலி போட்டுக் காபி கொடுத்த பேட்டை ஹோட்டல்களுக்குத்தான் காலம் சரியில்லை.

காலை ஆறு மணி. மயிலாப்பூர் மாட வீதிகளில் பூக்காரர்கள் கூடையை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். கபாலீஸ்வரர் கோயில் மணியோசைக்குப் போட்டியாக டபராவும் டம்ளரும் மோதிக்கொள்ளும் சத்தம். காபிக் கடை கவுன்ட்டரில் டோக்கனை நீட்டியபடி பத்துப் பதினைந்து பேர். "ஒரு ஸ்ட்ராங்", "ரெண்டு வித்தவுட்", "டிகாக்ஷன் கொஞ்சம் தூக்கலா". இந்தக் கூட்டத்தில் நடைப்பயிற்சி முடித்த ஓய்வுபெற்ற அதிகாரி இருக்கிறார். பால் பாக்கெட் போட்டுவிட்டு வந்த பையனும், இரவெல்லாம் வண்டி ஓட்டிய ஆட்டோ டிரைவரும் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே கவுன்ட்டரில், ஒரே மாதிரி டம்ளரில், நின்றுகொண்டு குடிக்கிறார்கள். அதிகபட்சம் மூன்று நிமிடம். அதற்குள் அடுத்த ஆள் முழங்கையால் இடிக்கிறார்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே ஊரில் இந்த மூன்று பேரும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்க முடியாது. அது பெரிய மாற்றம். யாரும் கவனிக்காத அளவுக்குச் சாதாரணமாகிவிட்ட மாற்றம். அதே அளவுக்கு யாரும் கவனிக்காத இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. நாற்காலி காணாமல் போய்விட்டது.

தமிழர்கள் காபியை ஏதோ தொல்காப்பியர் காலத்துச் சமாச்சாரம் போலக் கொண்டாடுகிறார்கள். உண்மையில் இந்த மோகத்துக்கு வயது அதிகமில்லை. வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி இதைப் பற்றி எழுதிய புத்தகத்தின் பெயரே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. காலையில் நீராகாரம் குடித்துவிட்டு வேலைக்குப் போன ஊர் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நகரத்து நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக்குள் நுழைந்த காபி, இருபதாம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளுக்குள் அடுப்படியையே கைப்பற்றியது. காபி குடித்தால் உடம்பு கெடும், ஒழுக்கம் கெடும் என்றெல்லாம் எழுதித் தள்ளினார்கள். எழுதியவர்களும் காபி குடித்துவிட்டுத்தான் எழுதியிருப்பார்கள்.

வீட்டுக்கு வெளியே காபி கிடைத்த இடத்துக்கு 'காபி கிளப்' என்று பெயர். கிளப் என்றாலும் சந்தா கிடையாது. ஆனால் உள்ளே போகத் தகுதி உண்டு. அந்தத் தகுதி பிறப்பால் வருவது. சமையல்காரரும் பரிமாறுபவரும் பிராமணர்கள் என்று பலகையே சொல்லும். சாப்பிடும் இடத்திலும் பிராமணர்களுக்குத் தனியிடம், மற்றவர்களுக்குத் தனியிடம். தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் வாசலோடு சரி. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இதே பிரிவினை இருந்தது. சுயமரியாதை இயக்கம் விடாமல் எதிர்த்ததில் 1941இல் ரயில்வே அதைக் கைவிட்டது.

ஊருக்குள் இருந்த ஹோட்டல்கள் அவ்வளவு சுலபத்தில் மாறவில்லை. ஹோட்டலுக்குள் நுழைய எவரையும் சாதி காரணமாகத் தடுக்கக் கூடாது என்று 1950இல் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொன்னது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அப்போதும் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் தொங்கிக்கொண்டிருந்தது. 1957இல் பெரியார் அந்தச் சொல்லை அழிக்கச் சொல்லிக் கிளர்ச்சி அறிவித்தார். பல ஹோட்டல்காரர்கள் அவர்களே சுண்ணாம்பை எடுத்தார்கள். திருவல்லிக்கேணி முரளீஸ் கபே அழிக்க மறுத்தது. விளைவு, திராவிடர் கழகத் தொண்டர்கள் நாள் தவறாமல் கடை முன்பு மறியல் செய்து கைதாகிக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் அடுத்த அணி வரும். 1958இல் பலகை மாறிய பிறகுதான் மறியல் ஓய்ந்தது. ஒரு காபி கடைப் பலகையின் ஒற்றைச் சொல்லுக்காக மாதக் கணக்கில் ஜெயிலுக்குப் போக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். காபி ஹோட்டல் என்பது காபி குடிக்கும் இடம் மட்டும் அல்ல என்பதை இரு தரப்புமே புரிந்துவைத்திருந்தன. 2012இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு கடை 'பிராமணாள்' பலகை மாட்டியபோது மறுபடி அதே சண்டை வந்தது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் வைத்திருப்பதாக இந்த நூற்றாண்டிலும் புகார்கள் வந்திருக்கின்றன. கதை முழுசாக முடிந்துவிடவில்லை.

ஆனால் சென்னைப் பேட்டைகளில் கதவு திறந்தது. திறந்த கதவு வழியாக வந்தவர்களைக் கொண்டு வளர்ந்தவைதான் அடுத்த தலைமுறைக் காபி ஹோட்டல்கள். இவற்றில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் தமிழர்கள் அல்ல என்பது சுவாரஸ்யம். உடுப்பிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து மடத்துச் சமையலறையில் எடுபிடியாக இருந்த கே. கிருஷ்ண ராவ், சென்னைக்கு வந்து மவுன்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸை நடத்தினார். 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கினார். திருவல்லிக்கேணி ரத்னா கபே 1948இல் வந்தது. சாம்பாருக்குள் இட்லியை மூழ்கடித்துப் பெயர் வாங்கிய இந்தக் கடையை ஆரம்பித்தது உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த குப்தா குடும்பம். மெட்ராஸ் காபியின் பெருமையைக் கன்னடியர்களும் வடநாட்டவரும் சேர்ந்து காப்பாற்றினார்கள். மெட்ராஸ்காரர்கள் குடித்துக் காப்பாற்றினார்கள்.

திருவல்லிக்கேணிக்கு ரத்னா கபே போன்ற இடங்கள் ஏன் தேவைப்பட்டன என்று புரிந்துகொள்ள அங்குள்ள மேன்ஷன்களைப் பார்த்தால் போதும். ஒரு அறையில் மூன்று கட்டில், நான்கு பேர், ஒரு ஜன்னல். வேலை தேடி வந்தவர்கள், அரசாங்கப் பரீட்சைக்குப் படிப்பவர்கள், சினிமாவில் சான்ஸ் தேடுபவர்கள். இவர்களுக்கு அறை என்பது தூங்க மட்டும். நண்பனைப் பார்ப்பது, கடன் கேட்பது, பேப்பரில் வேலை விளம்பரம் தேடுவது எல்லாம் காபி ஹோட்டல் மேஜையில்தான். ஒரு காபிக்கு அரை மணி நேரம் உட்காரலாம் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். சர்வர் மேஜையை இரண்டாவது தடவை துடைத்தால் எழுந்துவிட வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தத்தின் பகுதி.

இந்த ஒப்பந்தத்தின் உச்சம் கதீட்ரல் ரோட்டில் 1962இல் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். மரங்களுக்கு அடியில் காரை நிறுத்தினால் கதவிலேயே தட்டை மாட்டிப் பரிமாறுவார்கள். கார் இல்லாதவர்களுக்கு உள்ளே மேஜைகள். பெயர்தான் டிரைவ்-இன், நடந்து வந்தவர்களையும் அது விரட்டியதில்லை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளுக்கு அது ஆபீஸ். பத்திரிகையாளர்களுக்குச் செய்தி கிடைக்கும் இடம். கல்லூரி மாணவர்களுக்கு எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் தயக்கமின்றி வந்து உட்கார்ந்த அபூர்வமான காபி ஹோட்டல்களில் அது ஒன்று. மற்ற இடங்களில் 'பேமிலி ரூம்' என்று எழுதிய தடுப்புக்குப் பின்னால்தான் அவர்களுக்கு இடம்; கூடவே ஒரு ஆண் வர வேண்டும்.

டிரைவ்-இன் நின்றிருந்த நிலம் ஹோட்டலுக்குச் சொந்தமானதல்ல. குத்தகை நிலம். அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. 2008இல் கடை மூடியது. அந்த இடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. பூங்கா வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. சென்னைக்குப் பூங்காக்கள் குறைவு. ஆனால் ஒரு காபி விலைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிய சில ஆயிரம் பேர் அதற்குப் பிறகு எங்கே போனார்கள் என்று எந்தக் கோப்பிலும் பதிவாகவில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கம்பீரமாக நின்ற தாசப்பிரகாஷும் இடிக்கப்பட்டுவிட்டது. காபி மோசமானதால் மூடியவை அல்ல இவை. நிலத்தின் விலை காபியின் விலையை ஜெயித்துவிட்டது, அவ்வளவுதான்.

கணக்கு எளிது. நகரின் நடுவில் இரண்டு கிரவுண்டு இடம் வைத்திருப்பவர் அதில் நாற்காலி போட்டுக் காபி விற்றால் வரும் பணத்தையும், அடுக்குமாடி கட்டினால் வரும் பணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். மகன் அமெரிக்காவில் இருந்தால் ஒப்பிடக்கூட வேண்டியதில்லை. வாடகை இடத்தில் நடத்துபவருக்கு வேறு கணக்கு. ஒரு நாற்காலி பிடிக்கும் இடத்தில் மூன்று பேர் நிற்கலாம். நாற்காலிக்காரர் அரை மணி நேரம் இருப்பார். நிற்பவர் மூன்று நிமிடத்தில் போய்விடுவார். கவுன்ட்டரும் டோக்கனும் ஜெயித்தது இப்படித்தான். சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் 'கும்பகோணம் டிகிரி காபி' கடைகளும் இதே கணக்கில் முளைத்தவைதான். பித்தளை டபரா பளபளக்கிறது; கும்பகோணத்துக்கும் இவற்றில் பலவற்றுக்கும் உள்ள உறவு அந்தப் பலகையோடு சரி.

மூலப்பொருளும் கையைக் கடிக்கிறது. 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் லிட்டர் 48 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 60 ரூபாயானது. பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி வந்ததில் உலகச் சந்தையில் காபிக் கொட்டை ஏறிக்கொண்டே போய், 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி வரலாறு காணாத விலையைத் தொட்டது. சிக்மகளூரிலும் ஏற்காட்டிலும் விளையும் கொட்டைக்கும் அந்த விலைதான் அளவுகோல். 1996இல் காபி போர்டின் கட்டாயக் கொள்முதல் முற்றிலும் முடிவுக்கு வந்த பிறகு, பிரேசிலில் பனி பெய்தால் மாம்பலத்தில் விலை ஏறுகிறது. தோட்டக்காரருக்கு இது நல்ல சேதி. தோட்டக்காரர் தினமும் ஹோட்டலில் காபி குடிப்பதில்லை.

விலையை ஏற்ற முடியாத கடைக்காரருக்கு இருக்கும் பழைய நண்பன் சிக்கரி. இதை வெறும் கலப்படம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. வறுத்த சிக்கரி வேர் டிகாக்ஷனுக்கு நிறமும் கனமும் கொடுக்கிறது. நிறையப் பால் ஊற்றினாலும் சுவை அமுங்காமல் நிற்கிறது. பல வீடுகளில் எண்பதுக்கு இருபது என்ற விகிதம் வேதவாக்கு. 'பீபரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, சிக்கரி கொஞ்சம்' என்று கடையில் நின்று அரைத்து வாங்குவது ஒரு கலை. சட்டப்படி காபி-சிக்கரிக் கலவைத் தூளில் குறைந்தது 51 சதவிகிதம் காபி இருக்க வேண்டும். எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும். டம்ளரில் யாரும் அச்சிடுவதில்லை. சந்தேகம் இருப்பவர்கள் நாக்கை நம்ப வேண்டியதுதான். பால் ஊற்றுமுன் டிகாக்ஷனை ஒரு சொட்டு வாங்கிப் பார்க்கும் பெரியவர்கள் மாம்பலத்தில் இன்னும் இருக்கிறார்கள். கடைக்காரர்களுக்கு அவர்களைக் கண்டால் பயம்.

நாற்காலி முற்றிலும் ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. அது வேறு கடைக்கு இடம் மாறியது. 1996இல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் முதல் கபே காபி டே வந்தது. கொஞ்ச காலத்தில் சென்னைப் பேட்டைகளிலும் சிவப்புப் பலகை முளைத்தது. ஏர்கண்டிஷன், சோபா, காபிக்கு ஹோட்டலைவிடப் பல மடங்கு விலை. ஃபில்டர் காபிப் பிரியர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது வயதுப் பெண்கள் இரண்டு பேர் எந்த ஆண் துணையும் இல்லாமல், யாரும் முறைக்காமல், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேச இடம் கொடுத்தது அந்தக் கடைகள்தான். பேட்டைக் காபி ஹோட்டல் அறுபது வருடத்தில் செய்யாததை அவை ஐந்து வருடத்தில் செய்தன. அதற்கு நுழைவுக் கட்டணம் பர்ஸில் இருந்தது. ஒரு காலத்தில் பலகையில் எழுதி வைத்துத் தடுத்தார்கள். இப்போது விலைப்பட்டியல் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது.

அந்தச் சோபாக்களும் நிரந்தரமில்லை. 2019 ஜூலையில் நிறுவனர் வி.ஜி. சித்தார்த்தா கடன் சுமைக்கு நடுவே இறந்துபோனார். பிறகு கபே காபி டேயின் பாதிக்கு மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. வெளிநாட்டு ஸ்டார்பக்ஸோ 2022இல் தன் இந்தியக் கிளைகளில் ஃபில்டர் காபியையே விற்க ஆரம்பித்தது. யார் யாரை ஜெயித்தார்கள் என்று சொல்வது கஷ்டம்.

வேறு வழி இருந்ததா? இருந்தது. காபி போர்டு நடத்திய காபி ஹவுஸ்களை 1950களில் மூட முடிவெடுத்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தொழிலாளர்களையே கூட்டுறவுச் சங்கம் தொடங்கச் சொன்னார். 1957இல் பெங்களூரில் முதல் சங்கம் வந்தது. முதலாளி இல்லாத அந்த ஹோட்டல்கள் கேரளம் முழுக்க இன்றும் விசிறித் தலைப்பாகை சர்வர்களோடு நடக்கின்றன. கல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸில் இன்றும் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு ஒரு மாலையைக் கழிக்கலாம். உட்கார்ந்து பேசும் இடங்களின் மதிப்பு அரசாங்கங்களுக்கும் தெரியும்: நெருக்கடி நிலையின்போது, 1976இல், தில்லி கன்னாட் பிளேஸ் காபி ஹவுஸ் இடித்துத் தள்ளப்பட்டது. சென்னையில் பேட்டைக் காபி ஹோட்டல் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் சொத்து. குடும்பம் பிரிந்தால் கடை பிரிகிறது. நிலம் விலை போனால் கடை போகிறது. வாடிக்கையாளர்களுக்கு அதில் உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை. மூடிய பிறகு ஒப்பாரி வைக்கும் உரிமை மட்டும் தாராளமாக இருக்கிறது.

அந்த ஒப்பாரி சென்னைக்கு வெளியேதான் அதிகம் கேட்கிறது. ஊரைவிட்டுப் போன தமிழர்கள் எல்லோரிடமும் ஒரு பேட்டைக் கடையின் பெயர் இருக்கிறது. எங்கே காபி குடித்தாலும் அதோடு ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். மும்பை மாட்டுங்காவில் 1940இலிருந்து நடக்கும் கபே மெட்ராஸ் வாசலில் ஞாயிற்றுக்கிழமை வரிசை நிற்கிறது. அதை நடத்துவதும் உடுப்பிப் பக்கத்துக் காமத் குடும்பம்தான். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரை ஒட்டிய பத்துபஸ்தியிலும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் போனால் ஏறத்தாழ மூன்று நாள். அவ்வளவு தூரத்துக்குக் காபித் தூளைக் கட்டி எடுத்துப் போய்விடலாம். பித்தளை ஃபில்டரையும் எடுத்துப் போகலாம். தெருமுனைக் கடையையும் அங்கே காத்திருக்கும் நண்பனையும் பெட்டியில் வைக்க முடியாது. சென்னையிலேயே இருப்பவர்களுக்கும் இப்போது அதே நிலைமை என்பதுதான் வேடிக்கை.

மயிலாப்பூரில் தற்போதைய தலைவலி மெட்ரோ ரயில். திருமயிலை நிலையத்துக்காக லஸ் முனையிலும் கச்சேரி ரோட்டிலும் தோண்டிய பள்ளங்களும் இரும்புத் தடுப்புகளும் போக்குவரத்தைத் திருப்பிவிட்டிருக்கின்றன. ரயில் ஓட ஆரம்பித்தால் வாடிக்கையாளர்கள் வந்து கொட்டுவார்கள் என்பது ஒரு பக்கம். நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை என்ன ஆகும் என்பது இன்னொரு பக்கம். அதுவரை தாக்குப்பிடிப்பவர்கள் பார்க்கலாம். பிச்சுப்பிள்ளை தெரு மாமி டிஃபன் கடைக்கு அந்தக் கவலை கொஞ்சம் குறைவு. அங்கே ஆரம்பத்திலிருந்தே வாடிக்கையாளர்கள் தெருவில் நின்றுதான் சாப்பிடுகிறார்கள்.

கச்சேரி ரோட்டை ஒட்டிய அருண்டேல் தெருவில் இருக்கிறது ராயர் மெஸ். தலைமுறைகளாக ஒரே குடும்பம் நடத்துகிறது. பெரிய பலகையோ விளம்பரமோ கிடையாது. வழி கேட்டுத்தான் போக வேண்டும். இட்லி, பொங்கல், வடை, பெயர் பெற்ற கெட்டிச் சட்னி, கடைசியில் காபி. இடம் சின்னது. மேஜைகள் சில. ஆனால் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், உட்கார்ந்துதான் காபி குடிக்க வேண்டும். காரில் வந்தவரும் சைக்கிளில் வந்தவரும் வாசலிலேயே காத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்ததும் அடுத்தவர் எழுந்து உள்ளே போகிறார்.